கை ஓங்கும்போது ஒரு சொல்

2019 ஜூன் 16, ஞாயிற்றுக்கிழமை. காலையில் தண்ணீர் லாரி வரவில்லை. முந்தின நாள் பிடித்து வைத்ததில் ஒரு குவளை எடுத்து முகம் மழித்துக்கொண்டேன். அடுத்த வாரத்துக்கான கம்பெனிச் சட்டைகளை இஸ்திரி போட்டு, திங்கட்கிழமைச் சட்டை மேலே இருக்கும்படி அடுக்கினேன். நகம் வெட்டினேன். ஸ்கூட்டருக்குக் காற்று பார்த்தேன். கறிக்கடையில் கூட்டம் குறைவாக இருந்தது. அரைக் கிலோ வாங்கிக்கொண்டு கள்ளிக்குப்பம் பெரிய தெரு வழியாக வீடு திரும்பினேன். மனைவி இஞ்சி உரித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவன் வந்தான்.

வாசலில் செருப்பைக் கழற்றி, இரண்டையும் சேர்த்து ஓரமாக வைத்தான். உடம்பில் பேண்டு செட்டுக்காரர்கள் போடும் சிவப்புக் கோட்டு, தோளில் தங்க நிறக் குஞ்சம். அந்த வெயிலில் அப்படி ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்பவனைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். அவனைப் பார்த்து மட்டும் எங்கள் தெருவில் யாரும் சிரிப்பதில்லை.

“அண்ணே, பூந்தமல்லில ஒரு சாவு. இதான் கடைசி வேலை. அண்ணங்காரன் போன் மேல போன் போட்டுகினு கீறான். நீங்களும் கூட வர்றீங்களா?”

“நான் எதுக்குப்பா?”

“நாளிக்கு ஸ்டேஷன்ல எனக்காகக் கையெழுத்துப் போடப் போறீங்க. இன்னிக்கு ஒருநாள் கூட இருந்து பாத்துட்டு அப்பறம் போடுங்க.”

அவன் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்திருந்தான். விசாரணைக்காகத் திங்கட்கிழமை காலை அக்கம்பக்கத்தார் இருவரைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லிக் காவல் நிலையத்திலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். வருகிறவர்கள், இவனைத் தெரியும், நடத்தை சரி என்று கையெழுத்திட வேண்டும். ஒருவர் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்காரர். இன்னொருவர் நான். பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டால் உல்லாசக் கப்பல் ஒன்றின் இசைக்குழுவில் அவனுக்கு டிரம்ஸ் வாசிக்கும் வேலை தயாராக இருந்தது. கப்பல்காரர்கள் வைத்த ஆங்கிலத் தேர்விலும் தேறியிருந்தான். இடையில் ஒரே ஒரு அடிதடி வழக்கு பதிவானாலும் எல்லாம் போய்விடும்.

நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சிறிய கம்பெனி ஒன்றில் தர ஆய்வாளன். கையில் எடுத்து அளந்து பார்க்காமல் எந்தப் பாகத்துக்கும் ‘சரி’ முத்திரை வைத்ததில்லை. அது அவனுக்குத் தெரியும். கூட வந்து பாருங்கள் என்று அவன் கேட்டது அதனால்தான்.

அவனைப் பற்றிச் சொல்வதற்கு முதலும் முடிவுமாக ஒன்றுதான் இருக்கிறது. அவன் அடிப்பான்.

கோபத்தில் அடிக்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. முதலில் குரல் உயரும், பிறகு கெட்ட வார்த்தை வரும், சட்டையைப் பிடிப்பார்கள், கடைசியில்தான் கை நீளும். அவனிடம் இந்தப் படிகள் கிடையாது. சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே வலது கை போய்விடும். அவன் முகத்தைப் பார்த்தால் அவனுக்கே அப்போதுதான் செய்தி வந்தது போலிருக்கும். அடித்த மறுகணம் குனிந்து, அடிபட்டவனின் முகத்தை அதே கையால் நிமிர்த்தி, “எங்க, காட்டு” என்பான். சட்டைப் பையில் எப்போதும் வெள்ளைக் கைக்குட்டை ஒன்று மடித்து வைத்திருப்பான். அதில் அவன் தன் மூக்கைத் துடைத்து நான் பார்த்ததில்லை. மற்றவர்கள் மூக்குக்காகத்தான் அது இருந்தது.

அவன் எனக்குப் பழக்கமானது ஆங்கில வகுப்பில். அம்பத்தூர் ஓ.டி. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், மருந்துக்கடை ஒன்றின் மாடியில் மாலை நேரத்தில் நடந்தது. வெளிநாட்டு வேலைக்குப் போக நினைக்கும் இரண்டு நர்ஸ்கள், ஆவடியிலிருந்து வரும் ஒரு பிட்டர், இன்னும் சிலர். எங்கள் கம்பெனிக்கு வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் தணிக்கைக்கு வரத் தொடங்கியிருந்ததால் நானும் சேர்ந்தேன். பாடம் நடத்தியவள் திருச்சிப் பக்கத்துப் பெண். எங்கள் எல்லோரையும்விட வயதில் சிறியவள். ‘மிஸ்’ என்போம்.

முதல் நாள் சொல்லாக்கப் பயிற்சி. வாக்கியத்தின் நடுவில் ஒரு கோடு இருக்கும். வரியின் கடைசியில் ஒரு மூலச் சொல் இருக்கும். அந்தச் சொல்லை வாக்கியத்துக்குப் பொருந்துகிற மாதிரி மாற்றிக் கோட்டின் மேல் எழுத வேண்டும். ஒரு தொழிற்சாலையைப் பற்றிய வாக்கியம். கடைசியில் ‘புரொடியூஸ்’ என்று இருந்தது. மிஸ் அவனை எழுப்பிக் கேட்டாள். அவன் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இது எவன் ஊட்டு வார்த்தை மிஸ்?” என்றான்.

ஆவடி பிட்டர் சிரித்தான்.

பிளாஸ்டிக் நாற்காலி எப்போது அவன் கைக்கு வந்தது என்று நான் பார்க்கவில்லை. அதன் கால் பிட்டரின் புருவத்தில் இறங்கியதைத்தான் பார்த்தேன். ரத்தம் கண்ணுக்குள் வழிந்து, மோவாயில் இறங்கி, பயிற்சித் தாளில் சொட்டியது. நர்ஸ்கள் இருவரும் எழுவதற்குள் அவனே மண்டியிட்டுக் கைக்குட்டையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தான். “எங்க, காட்டு. கண்ணுல படல. தெறந்து பாரு நைனா, தெரியுதா?” என்று கேட்டான். பிட்டர் பயத்தில் தலையாட்டினான்.

மிஸ் கத்தவில்லை. “வெளிய போங்க” என்றாள். அவன் போனான், மாடிப்படியின் திருப்பம் வரைக்கும் போனான். அங்கேயே உட்கார்ந்துகொண்டான். அடுத்த வகுப்புக்கும் வந்து, உள்ளே வராமல், அந்தப் படியில் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதற்கடுத்த வகுப்பில் மிஸ் எழுந்து போய் அவன் கையில் ஒரு தாளைக் கொடுத்தாள். அதே மாதிரிப் பயிற்சிதான். ஆனால் வாக்கியங்கள் எல்லாம் பாட்டு, வாத்தியம், கச்சேரி பற்றியவை. மியூசிக் என்ற சொல்லிலிருந்து மியூசிஷியன்; பெர்ஃபார்ம் என்பதிலிருந்து பெர்ஃபார்மன்ஸ். அவன் வாசித்துப் பார்த்துவிட்டு எழுந்து உள்ளே வந்தான்.

ஒருவனுக்காகத் தனியாகவும் மற்றவர்களுக்காகத் தனியாகவும் தாள் தயாரிக்க அவளுக்கு நேரமில்லை. அதனால் அதற்குப் பிறகு எங்கள் எல்லோருக்கும் இசைச் சொற்கள்தான். ஊசி போடப் போகிற நர்ஸ்கள் ஆர்கெஸ்ட்ராவிலிருந்து ஆர்கெஸ்ட்ரல் செய்தார்கள். ஆவடி பிட்டர் புருவத்தில் தையலோடு ‘மெலோடியஸ்’ எழுதினான். மைக்ரோமீட்டர் பிடிக்கிற நான் ரிதமிக்கலி என்ற சொல்லை எந்த வாடிக்கையாளரிடமும் இதுவரை பயன்படுத்தியதில்லை. ஆனால் மறக்கவில்லை.

அவன் அடித்தவர்களில் நானும் ஒருவன்.

கம்பெனியில் தேறாத பாகத்தின் மேல் சிவப்புப் பென்சிலால் பெருக்கல் குறி போடுவது என் வேலை. அந்தப் பென்சில் எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். ஒருநாள் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன், ‘என்டர்டெய்ன்’ என்பதை மாற்றி எழுத வேண்டிய கோட்டில் தவறான வடிவத்தை எழுதியிருந்தான். பழக்க தோஷம். அவன் தாளின் மேல், அவன் எழுத்தின் குறுக்கே, சிவப்பில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டேன். அவனைக் கேட்கவில்லை.

என் கண்ணாடி எதிர் வரிசை நர்ஸின் மடியில் போய் விழுந்தது. இடது காதுக்குள் யாரோ குக்கர் விசிலை ஊதி நிறுத்தாமல் விட்டது போலிருந்தது. “எங்க, காட்டுங்க அண்ணே” என்று அவன் வாய் அசைவதைப் பார்த்தேன். அதுவரை என்னை ‘சார்’ என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அன்று இரவு எங்கள் வீட்டுக் கேட்டுக்கு வெளியே நின்றான். “அடிச்சவன் வாசல்ல நிக்கிறான். என்னன்னு கேளுங்க, இல்லேன்னா நான் கேக்கறேன்” என்றாள் மனைவி. மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறான் என்று நினைத்தேன். அவன் கையில் அந்தத் தாள் இருந்தது. “தப்பு எங்கன்னு காட்டுங்கண்ணே. காட்டாம போமாட்டேன்” என்றான். கேட்டின் மேல் தாளை வைத்து, அவன் அந்தப் பக்கம் நான் இந்தப் பக்கமாக, என்டர்டெய்னர், என்டர்டெய்னிங், என்டர்டெய்ன்மென்ட் எல்லாவற்றையும் முடித்தோம். மனைவி அவனுக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. இப்போதும் மின்விசிறி ஓடாத அறையில் உட்கார்ந்தால் என் இடது காதில் ஒரு மெல்லிய ரீங்காரம் கேட்கும். அவனை நினைத்துக்கொள்ள எனக்குப் புகைப்படம் தேவையில்லை.

அந்தக் கோடையில் லாரித் தண்ணீருக்காக எல்லாத் தெருவிலும் சண்டை நடந்தது. எங்கள் தெருவில் நடந்தது வேறு மாதிரி. பக்கத்துத் தெருக்காரன் ஒருவன் வரிசையை மதிக்காமல் லாரியின் பின்னால் ஏறி, குழாயைப் பிடுங்கித் தன் குடத்தில் விட்டுக்கொண்டான். பெண்கள் திட்டினார்கள். இவன் போய்க் குழாயை வாங்கினான். வாங்கின வேகத்திலேயே அதன் பித்தளை முனையால் அவன் வாயில் அடித்தான். இரண்டு பற்கள் அவன் குடத்துக்குள்ளேயே விழுந்தன. தண்ணீர் சிவந்தது. அந்தக் குடத்தை யாரும் எடுத்துப்போகவில்லை. அந்த வருஷம் எங்கள் தெருவில் ஒரு குடம் தண்ணீர் சாக்கடையில் கொட்டப்பட்டதை நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

காவல் நிலையத்தில் இவன் அண்ணன் பல் போனவனின் காலைப் பிடித்துச் சமாதானம் பேசினான். வழக்கு பதிவாகவில்லை. நிலையத்து ரைட்டர் மட்டும் இவனைக் கூப்பிட்டு, “பாஸ்போர்ட் எடுக்கப் போறியாமே. இன்னொரு தபா உன் கை எவன் மேலயாவது பட்டுச்சுன்னா எஃப்.ஐ.ஆர். தான். அப்பறம் கப்பலைப் படத்துலதான் பாக்கணும்” என்றார்.

மறுநாள் வகுப்பில் இதைக் கேட்ட மிஸ், மற்றவர்கள் போகட்டும் என்று காத்திருந்து அவனிடம் பேசினாள். பையை எடுக்கத் திரும்பி வந்ததால் நானும் கேட்டேன்.

“கை ஓங்கும்போது ஒரு வார்த்தைய எடுத்துக்குங்க. நம்ம தாள்ல இருக்கிற ஏதாவது ஒண்ணு. அதுலேருந்து என்னென்ன வார்த்தை வருமோ அத்தனையும் சொல்லி முடிங்க. முடிச்சப்புறமும் அடிக்கணும்னு தோணுச்சுன்னா அடிங்க. நான் ஏன்னு கேக்க மாட்டேன்.”

“நெசமாவா மிஸ்?”

“நிஜமாத்தான். ஆனா பாதில விடக் கூடாது.”

அவன் அதை எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தம் போல எடுத்துக்கொண்டான். சில நாள் கழித்து ஓ.டி.யில் பேருந்தில் ஏறும்போது கண்டக்டர் அவன் டிரம்மைப் பார்த்து, “இந்த அண்டாவெல்லாம் பஸ்ஸுல ஏத்தாத” என்று மார்பில் கை வைத்துத் தள்ளினார். நான் பின்னால் நின்றிருந்தேன். அவன் தோள் இறுகியது. பிறகு, “மியூசிக்” என்றான். “மியூசிக்கல். மியூசிக்கலி.”

“இன்னாயா, மந்திரம் ஓதறியா?”

“மியூசிஷியன்” என்று முடித்துவிட்டு அவன் இறங்கி, அடுத்த பேருந்துக்கு நின்றான்.

இது கள்ளிக்குப்பம் முழுவதும் பரவியது. ஊரே பயந்த ஒருவனை இப்போது யார் வேண்டுமானாலும் தொடலாம் என்று ஆனது. டீக்கடையில், “இன்னா மாமே, இன்னிக்கு இன்னா பாடம்?” என்று ஒருவன் சூடான டீயை அவன் கோட்டின் மேல் ஊற்றினான். இன்னொருவன் பின்னாலிருந்து பிடரியில் தட்டிவிட்டு ஓடினான். அவன் சுவரோரம் நின்று சொற்களைச் சொல்லிக்கொண்டிருப்பான். முடிக்கும்போது கீழுதட்டில் ரத்தம் இருக்கும், அவனே கடித்தது. ஒருநாள் மட்டும் மூடியிருந்த கடையின் ஷட்டரில் குத்திவிட்டான். தகரம் உள்ளே போய்விட்டது. பிறகு அந்தப் பள்ளத்தைத் தடவிக்கொண்டே நின்று, கடைக்காரர் வரும்வரை காத்திருந்து மன்னிப்புக் கேட்டான்.

இந்தச் சீண்டல்களுக்குப் பின்னால் அவன் அண்ணன் இருந்தான். நான் ஊகித்துக் கண்டுபிடிக்கவில்லை. அண்ணனே என்னிடம் சொன்னான்.

அண்ணன்தான் பேண்டு செட்டின் மாஸ்டர், டிரம்பெட் வாசிப்பவன். சாவு ஊர்வலத்தில் பிணத்தைத் தூக்குமுன் சைடு டிரம்மில் நீளமாக ஓர் உருட்டல் போடுவார்கள். அது முடிகிற இடத்தில்தான் தோள் கொடுப்பவர்கள் தூக்குவார்கள். இவன் போடும் உருட்டலைக் கேட்டால் அதுவரை அழாதவர்களும் அழுதுவிடுவார்கள். பூந்தமல்லியிலிருந்து திருநின்றவூர் வரை அதற்காகவே இவர்களைக் கூப்பிட்டார்கள். இவன் போனால் அந்தப் பேண்டு செட் அதோடு முடிந்தது. இவ்வளவும் எனக்குத் தெரியும். ஆனால் அண்ணன் என் ஸ்கூட்டரை நிறுத்திச் சொன்னது வேறு.

“சார், நீங்க கையெழுத்துப் போடாதீங்க. நான்தான் பசங்கள உட்டு அவன உசுப்பச் சொன்னேன். ஒரு கேஸு ஆவட்டும்னுதான். அவன் கைய நிறுத்த முடியாது சார். இங்க எவனையாச்சும் அடிச்சான்னா நான் கீறேன், கால்ல உழுந்து கூட்டியாருவேன். நடுக்கடல்ல எவன் சார் கால்ல உழுவான்? தூக்கித் தண்ணில போட்ருவானுங்க.”

அவன் சொன்னதில் பொய் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அதுதான் தொந்தரவாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நான் சட்டை மாற்றிக்கொண்டிருந்தபோது மனைவி பின்னால் வந்து நின்றாள்.

“காதுல இன்னும் சத்தம் கேக்குதுன்னு சொல்றீங்க. அவனுக்கே போய் நல்லவன்னு கையெழுத்தா?”

“நல்லவன்னு இல்ல. நடத்தை சரின்னு.”

“ரெண்டும் ஒண்ணுதான். குழம்பு ஆறிடும், சீக்கிரம் வாங்க.”

அவன் டிரம்மை முதுகில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தான். பூந்தமல்லிப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு குறுகலான தெரு. பந்தலுக்குக் கீழே குளிர்ப்பெட்டியில் ஒரு பெரியவரின் உடல். பேண்டு செட்டுக்காரர்கள் எதிர்ப்பக்க நிழலில் நின்றிருந்தார்கள். அண்ணன் குடித்திருந்தான். என்னைப் பார்த்ததும், “ஓகோ, சாட்சியக் கையோட கூட்டியாந்துட்டியா?” என்றான். இவன் டிரம்மை இடுப்பில் கட்டிக்கொண்டான்.

உருட்டல் போட்டான். நான் முதன்முறையாக அப்போதுதான் பக்கத்தில் நின்று கேட்டேன். இடது கையில் குச்சியை உள்ளங்கை மேலே பார்க்கிற மாதிரி, பேனாவைப் போல லேசாகப் பிடித்திருந்தான். மனிதர்களை அடிக்கிற வலது கை, அந்த இடது கைக்கு அடங்கி நடந்தது. சத்தம் மெல்ல மெல்ல ஏறி, சட்டென்று நின்றது. தூக்கினார்கள்.

தெருமுனையில் தோள் மாற்றுவதற்காகப் பாடையை இறக்கி வைத்தார்கள். அங்கே பேண்டு செட்டுக்காரர்கள் சுற்றி நின்று வாசிப்பது வழக்கம். அண்ணன் வாசிக்கவில்லை. டிரம்பெட்டை உயர்த்திப் பிடித்து, “எல்லாரும் கேட்டுக்கங்க. எங்க டிரம்மரு கப்பலுக்குப் போறாரு. இனிமே வெள்ளக்காரன் சாவுக்குத்தான் வாசிப்பாரு” என்றான். சிலர் சிரித்தார்கள். அண்ணன் கிட்டே வந்து அவன் கன்னத்தில் அறைந்தான்.

அவன் இரண்டு குச்சிகளையும் கீழே போட்டுவிட்டு, இரண்டு கைகளையும் டிரம்மின் இரும்பு விளிம்பில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

“பெர்ஃபார்ம்” என்றான்.

“அடிடா. ஒரே ஒரு தபா அடி.” மறுபடி அறைந்தான். மூக்கிலிருந்து ரத்தம் இறங்கியது. “பெர்ஃபார்மர்” என்றான் அவன். அண்ணன் முழங்காலில் உதைத்தான்; அவன் சரிந்து, விளிம்பை விடாமலே நிமிர்ந்தான். “கைய எடுறா அதுல இருந்து. எடு. ஆம்பளையா நீ? எடுத்து அடி.” அவன் எடுக்கவில்லை. அண்ணன் டிரம்பெட்டைத் தலைக்கு மேலே தூக்கி அவன் இடது கையின் மேல் இறக்கினான்.

இரும்பு விளிம்புக்கும் பித்தளைக்கும் நடுவில் விரல்கள் நொறுங்கிய சத்தம் எல்லோருக்கும் கேட்டது. சிரித்தவர்கள் நிறுத்தினார்கள். அண்ணன் இன்னொரு முறை இறக்கினான். டிரம்பெட்டின் வாய் மடங்கியது. அவன் மோதிர விரலும் சுண்டு விரலும் விரல்கள் மடங்காத பக்கமாக மடங்கியிருந்தன.

“பெர்ஃபார்மன்ஸ்” என்று சொல்லிவிட்டு, அவன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான்.

“அண்ணே. முடிச்சிட்டேன்.”

அந்தத் தெருவில் அதற்கு அர்த்தம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அவன் வலது கை விளிம்பைவிட்டு வந்துவிட்டது. முடித்த பிறகு அடிக்கலாம் என்பது பேச்சு. அண்ணன் ஒரு கை நீளத்தில் நின்றிருந்தான். சுற்றிலும் ஐம்பது பேர், எல்லார் கையிலும் செல்போன். அந்தக் கை போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பற்கள் விழுந்த குடத்தைப் பார்த்தவன் நான். அடி என்று சொல்ல எனக்கும் வாய் வந்தது.

“மெலடி” என்றேன்.

“இன்னாண்ணே?”

“மெலடி. சொல்லு.”

அவன் கண்கள் என் மேலேயே இருந்தன. “மெலோடிக்” என்றான். “மெலோடியஸ்.” அண்ணன் அவன் காதில் அறைந்தான். நான் குரலை உயர்த்தினேன். “ரிதம்.” “ரிதமிக். ரிதமிக்கலி.” “கம்போஸ்.” “கம்போசர். கம்போசிஷன்.” கொடுத்துக்கொண்டே போனேன். வலது கை மூடி மூடித் திறந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் ரத்தம் அவன் உதட்டிலிருந்து தெறித்து டிரம்மின் வெள்ளைத் தோலில் விழுந்தது. இன்ஸ்ட்ருமென்ட், ரெக்கார்ட், ஆர்கெஸ்ட்ரா, என்டர்டெய்ன். வகுப்பில் படித்த இசைச் சொற்கள் தீர்ந்துகொண்டே வந்தன. டிரம் என்றேன். டிரம்மர், டிரம்மிங் என்றான். பிறகு என்னிடம் எதுவும் இல்லை.

“அவ்ளோதானண்ணே? இனிமே இல்லல்ல?”

அவன் அண்ணன் பக்கம் திரும்பினான்.

“புரொடியூஸ்” என்றேன்.

அவன் நின்றான். முதல் நாள் நாற்காலியைத் தூக்க வைத்த சொல். அதற்குப் பிறகு மிஸ் அதை அவனுக்குக் கொடுத்ததே இல்லை. கண்ணை மூடிக்கொண்டான். ஊர்வலம், பாடை, ஐம்பது பேர், எல்லாம் அவனுக்காகக் காத்திருந்தது போலிருந்தது.

“புரொடியூசர்” என்றான் மெதுவாக. “புரொடக்ட்.” மூச்சு வாங்கினான். “புரொடக்ஷன். புரொடக்டிவ்.”

கண்ணைத் திறந்தபோது அண்ணன் எதிரே இல்லை. தார்ச் சாலையில் உட்கார்ந்திருந்தான். மடங்கிய டிரம்பெட்டை மடியில் வைத்து, கட்டைவிரலால் அதன் வாயை நிமிர்த்தப் பார்த்துக்கொண்டிருந்தான். பித்தளை விளிம்பு கிழித்து அவன் உள்ளங்கையிலும் ரத்தம் ஓடியது.

இவன் டிரம்மோடு குனிந்தான். வலது கையால் சட்டைப் பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து உதறினான்.

“எங்க, காட்டு” என்றான் அண்ணனிடம்.

அண்ணன் கையை நீட்டினான். சாவு வீட்டுக்காரர்களில் ஒருவர், “யோவ், பொணம் வெயில்ல கெடக்குது. வாசிங்கய்யா யாராவது” என்று கத்தினார். பெரிய டிரம்காரர் மட்டும் தனியாக வாசித்துக்கொண்டு நடந்தார்.

அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். இரண்டு விரல்களிலும் எலும்பு முறிவு. முழங்கை வரை மாவுக்கட்டு. எப்படி ஆயிற்று என்று டாக்டர் கேட்டார். அடி என்று சொன்னால் போலீசுக்குத் தகவல் போகும். அண்ணன் மேல் வழக்கு வரும். இவன் பெயரும் அதில் இருக்கும். “ஷட்டரு உழுந்துச்சு சார்” என்றான். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி டிரம் குச்சி பிடிக்க முடியுமா என்று அவன் கேட்டதற்கு, கட்டைப் பிரிக்கும்போது பார்க்கலாம் என்றார்.

வெளியே வந்து ஸ்கூட்டரில் உட்காரும்போது, “நாளிக்கு வருவீங்கல்லண்ணே?” என்றான். “காலையில பாக்கலாம்” என்றேன்.

வீட்டில் மனைவி என் சட்டையில் இருந்த ரத்தத்தைப் பார்த்தாள். “அடிச்சானா?” “வாங்கினான்.” அவள் குழம்பைச் சூடு பண்ணினாள். சட்டையை ஊற வைக்கத் தண்ணீர் இல்லை. மடித்து ஓரமாக வைத்தேன்.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாக அவன் சட்டைப் பொத்தான்களைப் போட்டுவிட்டேன். விடியும்போதே கேட்டில் வந்து நின்றிருந்தான். ஒரு கையால் போட முடியாமல் சட்டை திறந்தே கிடந்தது. கீழிருந்து மேலாகப் போட்டேன். இடது கைப்பகுதி கட்டின் மேல் ஏறவில்லை. முழங்கைக்கு மேலே மடித்துவிட்டேன். மூக்கின் கீழ் ரத்தம் காய்ந்திருந்தது. மனைவி உள்ளேயிருந்து வந்து, குடிக்க வைத்திருந்த தண்ணீரில் ஒரு சொம்பு மொண்டு அவனிடம் நீட்டினாள், முகம் கழுவிக்கொள்ள. பிறகு ஜெராக்ஸ் கடைக்காரரையும் அழைத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனோம். அதே ரைட்டர்தான் இருந்தார். மாவுக்கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஆளு எப்படி சார்?” என்றார். “நேத்து கூடவே இருந்து பாத்தேன் சார், சரியா இருக்கார்” என்று சொல்லி, சட்டைப் பையில் சிவப்புப் பென்சிலுக்குப் பக்கத்திலிருந்த பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன்.